வேலூர் பழைய சாமான் கடையில் எனாமல் போர்டு: சீட்டை விடுங்கள், தகட்டைப் பாருங்கள்

லாங் பஜாரை ஒட்டிய சந்தில் இருக்கும் பழைய சாமான் கடைக்கு எனாமல் போர்டுக்காகவே போகலாம். பீடி, சுருட்டு, மூக்குப்பொடி விளம்பரங்களைச் சுவர் முழுக்கச் சாத்தி வைத்திருக்கிறார்கள்; பாதிக்கு மேல் குடியாத்தம், பேரணாம்பட்டு முகவரிகள். சரக்கு அருமை. ஆனால் அதில் ஒட்டியிருக்கும் "அரசு ஏகபோகக் காலத்துப் புகையிலை போர்டு" என்ற சீட்டுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். அது இத்தாலி, ஜப்பான் கதை. ஜப்பானில் புகையிலையை நடத்திய அரசுக் கழகம் 1985இல்தான் கம்பெனியானது. இங்கே வெள்ளைக்காரன் ஏகபோகமாக வைத்திருந்தது உப்பை. புகையிலைக்கு 1943 முதல் கலால் வரிதான். பீடி தனியார் தொழில், போர்டும் அவரவர் செலவில் அடித்தது.

வயதைக் கணிக்க 'புகையிலை' என்ற சொல்லின் கடைசி எழுத்தே போதும். லகரத்தின் தலையில் தும்பிக்கை வளைந்திருந்தால் பழைய வடிவம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் சில பெயின்டர்கள் அதை விடவில்லை என்பதால், அது மட்டும் சாட்சி ஆகாது. ஆனால் '1950' என்று விற்கும் போர்டில் இன்றைய 'லை' இருந்தால் சந்தேகப்படுங்கள். பின்கோடு இருந்தால் 1972க்கு முந்தியதே இல்லை. வெறும் 'வடாற்காடு மாவட்டம்' என்றிருந்தால் பெரும்பாலும் 1989 பிரிவினைக்கு முந்தியது.

அடுத்து எடை. அசல் எனாமல் என்பது இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் நிறம் நிறமாகச் சுட்டது. இரண்டடிக்கு ஒன்றரையடி போர்டு, ஒரு மில்லிமீட்டர் தகடு என்றால் தகடு மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். கையில் லேசாக இருந்தால் அச்சடித்த தகரம். எழுத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் மேடு தட்டுப்பட வேண்டும். லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் புது நகல். இந்தக் கடையிலும் அப்படிச் சில கலந்திருக்கின்றன, கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள். ஆணி ஓட்டையைச் சுற்றிப் பெயர்ந்திருப்பது இயல்பு. அங்கே துரு கருத்து, கெட்டியாக இருக்க வேண்டும். விரலில் ஆரஞ்சுப் பொடியாக ஒட்டினால் அமிலம் ஊற்றிப் பழசாக்கியது.

புளி, எலுமிச்சை போட்டுத் துலக்கவே கூடாது, பளபளப்பு போய்விடும். சோப்புத் தண்ணீர், பருத்தித் துணி, துரு இடத்தில் மெழுகு. மாட்டும்போது நம்மூரில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று தோல் வாஷர் போடாதீர்கள், ஈரம் பிடிக்கும், ரப்பர் போதும். திருகை இறுக்கினால் எனாமல் விண்டுவிடும். கடை வாசலில் மாட்டவும் வேண்டாம்: 2003 புகையிலைச் சட்டம் விளம்பரத்தைத் தடை செய்கிறது.