உப்புக்காற்றில் எது நிற்கும்: கைவேலைக் கடிகாரமா, நவீன வடிவமைப்பா?

ஒரு பக்கம் ஜெர்மனியின் கிளாஷூட்டே ஊரில் செய்யப்படும் லாங்கே சாக்சோனியா தின்: தங்கக் கேஸ், தோல் ஸ்ட்ராப், கையால் சாவி கொடுக்க வேண்டும். இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்தின் ஒமேகா அக்வா டெரா: ஸ்டீல் கேஸ், கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக். விலையில் லாங்கே பல மடங்கு மேலே. வளைகுடாவில் சம்பாதித்துக் கீழக்கரைக்கோ தொண்டிக்கோ திரும்புகிறவர் இவற்றில் ஒன்றை வாங்க நினைத்தால், ஷோரூம் வெளிச்சத்தில் பார்த்த அழகை மட்டும் நம்பக் கூடாது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் துரு தின்று, 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்த வைத்த காற்று இது.

முதலில் கேஸ். நீர் தாங்கும் திறனுக்கு லாங்கேயில் போட்டிருக்கும் 30 மீட்டர் என்ற அளவு வியர்வைக்கும் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கும்தான். அந்த எண்ணை நம்பி அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடக் கூடாது. தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் ஸ்பிரிங் பின் ஸ்டீல். வியர்வையில் ஊறிய தோல் அதை ஒட்டியே கிடப்பதால் துரு அங்கேதான் தொடங்கும். நம்மூர் ஈரத்தில் தோல் ஸ்ட்ராப்பும் சீக்கிரம் நாறி விறைத்துவிடும்.

அக்வா டெராவுக்கு 150 மீட்டர், திருகி மூடும் கிரவுன் (பக்கவாட்டுச் சாவிக் குமிழ்). இதிலும் ஒரு பலவீனம் உண்டு. இதன் கேஸின் 316எல் வகை ஸ்டீல் நல்ல உலோகம், ஆனால் காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் புள்ளி புள்ளியாக அரிக்கும். பேக் கவரின் திருகு மரை, வாஷர் உட்காரும் பள்ளம், செயின் பின் ஆகியவைதான் அந்த இடங்கள். கடலில் குளித்து வந்ததும் கிரவுனைத் தொடாமல், மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டத்தின் பல ஊர்களில் அதுவே உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீரில் அலசி, துணியால் ஒற்றி எடுங்கள்.

காந்த விஷயத்தில் போட்டியே இல்லை. அக்வா டெராவின் ஹேர்ஸ்பிரிங் (கடிகாரத்தின் வேகத்தை ஒழுங்காக வைக்கும் மெல்லிய சுருள்) சிலிக்கான். கடிகாரம் 15,000 காஸ் வரை காந்தப்புலத்தைத் தாங்கும். லாங்கேயில் உலோக ஹேர்ஸ்பிரிங். ஸ்பீக்கர் மேலோ, காந்த மூடி போட்ட போன் உறை மேலோ வைத்தால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் தாறுமாறாக வேகமெடுக்கலாம். காந்தம் நீக்கும் கருவியில் ஒரு நிமிட வேலை, பயப்பட ஒன்றுமில்லை.

கைவேலையை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு கிடையாது. லாங்கேயின் எல்093.1 இயந்திரம் 2.9 மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனாலும் இயந்திரத்தை முழுதாகப் பூட்டி, ஓடவிட்டுப் பார்த்து, பிரித்து, மெருகேற்றி, மறுபடியும் பூட்டுகிறார்கள். பாகங்களின் விளிம்பைச் சாய்வாக இழைத்துப் பளபளப்பாக்குவதில் ஒரு காரியம் இருக்கிறது. மெஷினில் வெட்டிய விளிம்பில் பிசிறு நிற்கும். பிசிறு உதிர்ந்தால் பற்களுக்குள் போகும். சொரசொரப்பான பரப்பில் ஈரம் தங்கும். தகரத் தட்டில் தேய்த்துக் கண்ணாடி போலாக்கிய ஸ்டீலில் ஈரம் ஒளிய இடம் குறைவு. நீலத் திருகின் கதை வேறு. ஏறக்குறைய 300 டிகிரியில் சுட்டு வரவழைத்த அந்த நிறம் மிக மெல்லிய ஆக்சைடு படலம், ஈரம் புகுந்தால் காப்பாற்றாது. பாகங்களைத் தாங்கும் லாங்கே பிளேட்டுக்கு முலாம் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையான ஜெர்மன் சில்வரை அப்படியே விடுகிறார்கள். அது காலப்போக்கில் தேன்நிறம் ஏறும். விரல்பட்டால் தடம் பதியும், அதனால் கையுறை போடாதவரிடம் திறக்கவே கொடுக்காதீர்கள். ஒமேகாவில் ரோடியம் முலாம். மெஷின் வேலை என்றாலும் நேர்த்தியானது, பராமரிப்பும் எளிது.

பழுது என்று வந்தால் தட்டு மாறுகிறது. வளைந்த உலோக ஹேர்ஸ்பிரிங்கைத் தேர்ந்த கை ட்வீசரால் நேராக்கும். தேய்ந்த அச்சைக் கடைசல் இயந்திரத்தில் புதிதாகச் செய்யலாம். சிலிக்கான் வளையாது, உடையும். மாற்றுப் பாகம் கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும். ஒமேகாவில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லிவரும் இல்லை. ஹேர்ஸ்பிரிங்கோடு முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீலில் உள்ள சிறு திருகுகளைத் தனிக் கருவியால் திருப்ப வேண்டும். ஓட்டத்தைச் சோதிக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைக்கும்போது, இயந்திர வகைக்கேற்ப அதில் அமைக்க வேண்டிய லிஃப்ட் ஆங்கிள் என்ற கோணத்தை 38 டிகிரிக்கு மாற்றாமல் வழக்கமான 52-இல் விட்டால், பேலன்ஸின் வீச்சை உள்ளதைவிட மிக அதிகமாகக் காட்டும். சோர்ந்த கடிகாரம் ஆரோக்கியமாகத் தெரியும். இதை அறியாத கடையில் கொடுத்துப் பயனில்லை.

இரண்டுக்கும் நடுவே வழி உண்டா? ஜெரால்ட் ஜென்டா வரைந்து 1972-இல் வந்த ஓடெமார் பிகே நிறுவனத்தின் ராயல் ஓக், ஸ்டீல் கேஸுக்குள் கைமெருகு இயந்திரத்தை வைத்தது. 50 மீட்டர்தான். தனுஷ்கோடி மணல் கூர்மையான அதன் விளிம்புகளைக் கீறும், அஜாக்கிரதையாகப் பாலிஷ் போட்டால் விளிம்பே மழுங்கிவிடும். படேக் பிலிப்பின் கலட்ராவா 6119 பார்க்கப் பழைய மரபுதான், உள்ளே இருப்பதோ சிலிக்கான் வகை ஹேர்ஸ்பிரிங்.

ஒரே கடிகாரம்தான், தினமும் கட்டுவேன் என்றால் அக்வா டெரா. இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. லாங்கே வாங்கினால் நிக்காஹ், கல்யாணம், பெருநாள் என்று கட்டி, கழற்றியதும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

எதை வாங்கினாலும், திறந்து மூடிய ஒவ்வொரு முறையும் புது வாஷரும் அழுத்தச் சோதனையும் கேளுங்கள். வீட்டிலேயே சந்தேகம் வந்தால், உடல்சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாக, 40 முதல் 45 டிகிரிக்குள் கடிகாரத்தைச் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீரை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். உட்புறம் மூட்டம் நின்றால் ஈரம் உள்ளே இருக்கிறது. அது கடல்நீராக இருக்குமானால் வெயிலில் காயவைப்பது வீண். ஈரம் போகும், உப்பு போகாது. அன்றே பேக் கவரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்தால் கிரவுன் ஸ்டெம்மையும் (குமிழை உள்ளே இணைக்கும் தண்டு) சாவிப் பகுதியின் ஸ்டீல் பாகங்களையும் காப்பாற்றலாம்.