வேதியியல் படிக்கச் சின்னக் கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா?

பள்ளியை முடித்துவிட்டு இளநிலை வேதியியலில் சேரப்போகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கிற யோசனை ஒன்றுதான்: பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடு, கிடைக்காவிட்டால் சின்னக் கல்லூரியைப் பார்க்கலாம். வேதியியலுக்கு இந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன். பாதிப் பாடத்தைக் கையால்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கைக்கு எங்கே அதிக வேலை கிடைக்கும் என்று பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

மெக்னீசியத்தைக் கரிமச் சேர்மம் ஒன்றோடு வினைபுரிய வைக்கிற கிரிக்னார்டு வினையை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த ஈதரில் மெக்னீசியச் சுருள்கள், அதில் புரோமோபென்சீனைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். புத்தகத்தில் இது ஒரே வரி. லேபில் பல நேரம் ஒன்றுமே நடக்காது. குடுவையில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் போச்சு, மெக்னீசியத்தின் மேல் ஆக்சைடு படலம் இருந்தாலும் போச்சு. பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் நிற்கிற லேபில் பேராசிரியரே பக்கத்தில் வந்துவிடுவார். கண்ணாடிக் கம்பியால் ஒரு சுருளை நசுக்கு, அடிப்பக்கம் உடையாமல் பார்த்துக்கொள் என்பார். சின்ன அயோடின் படிகம் ஒன்றைப் போடச் சொல்வார், குடுவையை உள்ளங்கையில் வைத்து லேசாகச் சூடேற்றச் சொல்வார். அயோடினின் பழுப்பு நிறம் மெல்ல மறையும். உலோகத்தின் மேல் பொடிக் குமிழிகள் கிளம்பும். கரைசல் கலங்கும், ஈதர் தானாகவே கொதிக்க ஆரம்பிக்கும். அப்புறம் அவசரமாகப் பனிக்கட்டித் தொட்டியைத் தேட வேண்டியிருக்கும். இதை ஒருமுறை தன் கையால் செய்தவருக்கு வினை தொடங்குவது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலாண்டில் நூற்றுக்கணக்கானவர்கள் படிக்கிற இடத்தில் பல நேரம் லேபை நடத்துவது முனைவர் பட்ட மாணவர்கள். அவர்களிடம் ஒரு வசதி உண்டு. வயதில் நெருக்கமானவர்கள், சின்னச் சந்தேகத்தையும் கூச்சமில்லாமல் கேட்கலாம். ஆனால் நேரம் முடிந்தால் அடுத்த குழு வாசலில் நிற்கும். வினை தொடங்காதவருக்குப் பக்கத்து மேசையின் விளைபொருளில் கொஞ்சம் கொடுத்து அடுத்த படிக்கு அனுப்புவதுதான் அவர்களால் முடியும். அவர்கள்மேல் தப்பில்லை, கூட்டம் அப்படி.

கருவிகளில் மட்டும் பெரிய இடத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தில் வைத்துக் கண்டறிகிற கருவி என்எம்ஆர். 400 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆர் கருவியின் மீக்கடத்திக் காந்தம் திரவ ஹீலியத்தில், சுமார் 4 கெல்வின் குளிரில் உட்கார்ந்திருக்கும். ஹீலியம் குறையக் குறைய நிரப்ப வேண்டும், அதற்கென்று ஆள் வேண்டும். இந்தச் செலவைச் சின்னக் கல்லூரி பலவும் தாங்காது. அங்கே மேசைமேல் வைக்கிற 60 மெகாஹெர்ட்ஸ் நிரந்தரக் காந்தக் கருவி இருந்தாலே நல்ல விஷயம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. கருவி வரைகிற படத்தில், பக்கத்து ஹைட்ரஜன்களால் ஒரு சிகரம் 7 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பிளவுபடுகிறது என்று வையுங்கள். 60 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 0.12 பிபிஎம் (படத்தின் கிடை அச்சின் அலகு) அகலம், 400-ல் 0.02-க்கும் குறைவு. அதனால் சின்னக் கருவியில் அடுத்தடுத்த சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும், பெரிய கருவியில் தனித்தனியாக நிற்கும். எத்தில் அசிட்டேட் மாதிரி எளிய மூலக்கூறுக்கு 60 தாராளமாகப் போதும். கொலஸ்டிரால் மாதிரியான சிக்கலான மூலக்கூறுக்கு அது ஒரு மேட்டைத்தான் காட்டும்.

சரி, அந்த 400-ஐ யார் தொடுகிறார்கள்? அது இருக்கிற கட்டடத்திலேயே படித்தும், மாதிரிக் குழாயை ஒருமுறைகூடத் தன் கையால் உள்ளே இறக்காமல் பட்டம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மாதிரியைக் கொடுத்துவிட்டு வந்தால் அச்சடித்த தாள் வரும், அவ்வளவுதான். சின்னக் கருவியில் தானே மாதிரி தயாரித்து, தானே ஓட்டி, படம் ஏன் மோசமாக வந்தது என்று தானே மண்டையை உடைத்துக்கொண்டவருக்குப் பெரிய கருவியைப் பழகச் சில நாட்கள் போதும். தாளை மட்டும் பார்த்து வளர்ந்தவருக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

சின்னக் கல்லூரியின் நிஜமான குறை கருவி இல்லை, ஆள்தான். கரிமத்துக்கு ஒருவர், கனிமத்துக்கு ஒருவர், இயற்பியல் வேதியியலுக்கு ஒருவர் என்று துறை நடக்கும். ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் ஒரு பிரிவே தள்ளாடும். மேல்நிலைப் பாடங்கள் ஒன்றுவிட்டு ஒரு ஆண்டுதான் வரும். பாலிமர், திண்ம நிலை, கணினி வேதியியல் என்று தேர்ந்தெடுக்கவெல்லாம் முடியாது. கரிம ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மூன்று நான்கு ஆண்டும் அவர்தான். இதைப் பூசி மெழுகக் கூடாது. என்ன பிரிவில் போகப்போகிறோம் என்று ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்தவர், அந்தப் பிரிவு சின்ன இடத்தில் இல்லையென்றால், தயங்காமல் பெரிய இடத்துக்குப் போகட்டும்.

ஆராய்ச்சி பெரிய இடத்தில்தான் என்பார்கள். அங்கே நடக்கிறது, உண்மை. இளநிலை மாணவர் அதில் எந்த வரிசையில் நிற்கிறார் என்றும் கேட்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு போல நான்காம் ஆண்டு முழுவதையும் ஆராய்ச்சிக்கே ஒதுக்குகிற இடம் என்றால் பேச்சே இல்லை, போய்ச் சேரலாம். மற்ற பல இடங்களில் பேராசிரியரின் நேரம் முதலில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு. சின்னக் கல்லூரியில் அவர்கள் கிடையாது, ஆசிரியருக்கு வலது கை இளநிலை மாணவர்தான். வேலை மெதுவாக நகரும், தலைப்பும் அடக்கமாக இருக்கும். ஆனால் தோற்றுப்போன சோதனையை மறுபடி திட்டமிடுவது அந்த மாணவர்தான்.

இதற்குப் பழைய சாட்சியும் உண்டு, புதிய சாட்சியும் உண்டு. அமெரிக்காவின் ஓபர்லின் என்ற சின்னக் கல்லூரியில் படித்த சார்லஸ் மார்ட்டின் ஹால், பட்டம் வாங்கிய மறு ஆண்டே, 1886-ல், உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அலுமினாவை (அலுமினிய ஆக்சைடை) கரைத்து மின்சாரம் பாய்ச்சி அலுமினியம் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 22. அலுமினியத்தை மலிவாக எடுக்கும் சிக்கலில் அவருக்கு ஆர்வமூட்டி, ஆலோசனையும் பொருட்களும் கொடுத்து உதவியவர் கல்லூரி ஆசிரியர் ஜூவெட். தாமஸ் செக் அதேபோலச் சின்ன அமெரிக்கக் கல்லூரியான கிரின்னெல்லில் 1970-ல் பட்டம் பெற்றார், வினையூக்கியாகச் செயல்படும் ஆர்என்ஏவுக்காக 1989-ல் வேதியியல் நோபல் வாங்கினார். ஜெனிஃபர் டவுட்னா பொமோனா என்ற இன்னொரு சின்னக் கல்லூரியில் படித்தவர், பின்னால் செக்கின் ஆய்வுக்கூடத்திலேயே பணியாற்றி, 2020-ல் அதே பரிசைப் பகிர்ந்துகொண்டார். செக்கும் டவுட்னாவும் முனைவர் பட்டத்துக்குப் பெரிய பல்கலைக்கழகத்துக்குத்தான் போனார்கள். நான் பரிந்துரைக்கிற வரிசையும் அதுதான்: முதலில் சின்ன இடம், அப்புறம் பெரிய இடம்.

எல்லாச் சின்னக் கல்லூரிக்கும் இது பொருந்தாது. சேருமுன் ஒரு வேலைநாள் மதியம் நேரில் போய்ப் பாருங்கள். கருவிகளை மாணவர்களே இயக்குகிறார்களா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். கடந்த சில ஆண்டுகளில் ஆசிரியர்கள் வெளியிட்ட கட்டுரைகளில் மாணவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நச்சுப் புகையை வெளியே இழுக்கிற, வினைகளைச் செய்கிற புகைப்போக்கி அறைகளுக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே பழைய பெட்டிகளும் காலிப் புட்டிகளும் அடுக்கியிருந்தால் அங்கே யாரும் வினை எதுவும் செய்வதில்லை. அந்த இடம் எவ்வளவு சின்னதாக, எவ்வளவு அன்பாக இருந்தாலும் வேண்டாம்.