பிள்ளைகள் விளையாட்டுச் சாமான்: மூடி டப்பாவா, திறந்த தட்டா, நார்ப்பெட்டியா?

பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் இரண்டு பெட்ரூம் வீட்டில் பிள்ளைகள் விளையாடத் தனி அறை ஒதுக்குவது லேசில் நடக்காது. தார்சாவில், அதாவது முன்கூடத்தில் ஒரு மூலை, மச்சுப்படிக்குக் கீழே இருக்கும் இடம், இவைதான் விளையாட்டு அறை. ஆனித் தேரோட்டத்துக்கு ரதவீதிக் கடைகளில் வாங்கியது, ஆச்சி வாங்கித் தந்தது, பிறந்தநாளுக்கு வந்தது, துபாயிலிருந்து மாமா கொண்டுவந்தது என்று சாமான் மட்டும் வருடா வருடம் சேர்ந்துகொண்டே இருக்கும். இதை ஒழுங்கு பண்ண நம் ஊரில் பெரும்பாலும் மூன்று வழி: மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா, திறந்த தட்டு அலமாரி, பனை நார்ப்பெட்டி. மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். நாலு வயதுப் பிள்ளை, பெரியவர்கள் சொல்லாமலேயே, எடுத்ததைத் திரும்ப வைக்குமா?

பெரிய டப்பாவில் வைப்பது பெரியவர்களுக்குச் சுலபம். அஞ்சு நிமிடத்தில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு மூடிவிட்டால் தார்சா பளிச்சென்று ஆகிவிடும். பல்லி எச்சம் விழாது, கரப்பான் போகாது, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சுவர் வேர்த்தாலும் உள்ளே ஈரம் அண்டாது. ஆனால் பிள்ளைக்குத் தேவை அடியில் கிடக்கும் ஒரு சின்னக் கார். அதை எடுக்க டப்பாவையே கவிழ்த்தாக வேண்டும், கவிழ்த்த பிறகு அத்தனையையும் திரும்பப் போடும் பொறுமை எந்தப் பிள்ளைக்கும் கிடையாது, அதனால் கடைசியில் அம்மாதான் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டியிருக்கிறது. பாகம் பாகமாகச் சேர்க்கிற சாமான்கள் இதில் சீக்கிரம் பாழாகும், ஒரு துண்டு தொலைந்தால் முழு செட்டும் வீண்.

டப்பாவுக்குப் பதில் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கித் தருகிறவர்களும் உண்டு. இது வேண்டவே வேண்டாம் என்பேன். அந்தக் கனத்த மூடி குனிந்திருக்கும் பிள்ளையின் கழுத்திலோ விரலிலோ விழும். ஒளிந்து விளையாடுகிறேன் என்று பிள்ளை உள்ளே இறங்கி, மூடி விழுந்து தாழ் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டிவிடும். கட்டாயம் அதுதான் என்றால் மூடியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

தட்டு அலமாரியில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குள் இருந்தால் தானே எடுக்கும், இருந்த இடம் தெரிவதால் தானே வைக்கும். இடம் குறைவு என்பதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அதுதான் இதன் பெரிய பலம். அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்து நடத்தி 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 16 பொம்மைகள் இருந்தபோது தாவித் தாவிப் போன குழந்தைகள், 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். நடைபழகி ஓடித் திரிகிற வயதுக் குழந்தைகள் அவர்கள், ஆனாலும் பெரிய பிள்ளைகளிடமும் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

தூசிதான் தொல்லை. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசுகிற காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் தட்டெல்லாம் மண் படிந்துவிடும். அப்புறம், அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்காமல் விடவே கூடாது, பிள்ளைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள், அது அப்படியே சாயும். பிளைவுட் என்றால் கரையான் வருகிறதா என்று பின்பக்கத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

நார்ப்பெட்டிக்கு வருகிறேன். ஓலையில் முடைந்தது வேறு, மட்டை நாரில் முடைந்தது வேறு. பிள்ளைகள் தரையில் இழுத்தால் ஓலைப்பெட்டி மூலையில் கிழியும், நார்ப்பெட்டி தாங்கும். அகலமாக, ஒரு சாண் ஆழத்துக்கு மேல் போகாததாக வாங்குங்கள். காருக்கு ஒன்று, கட்டைகளுக்கு ஒன்று, அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமானுக்கு ஒன்று. பிள்ளையே தூக்கிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்து விளையாடிவிட்டு அப்படியே தூக்கி வரும், இந்த ஒரு வசதி மற்ற இரண்டிலும் கிடையாது. குறை என்றால் ஈரம். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், மழைக்காலத்தில் வெயில் அடிக்கும் அன்று தட்டட்டியில் (மொட்டை மாடியில்) காய வைத்தே ஆகவேண்டும். சாயம் போட்ட பெட்டி நனைந்தால் நிறம் ஒட்டும். விளிம்பில் நார் பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தால் கையில் குத்தும், வாங்கும்போதே தடவிப் பாருங்கள்.

என் தேர்வு, தாழ்வான தட்டு அலமாரி, அதன்மேல் மூன்று நான்கு நார்ப்பெட்டி. அதில் அடங்குவது மட்டும் கீழே. மிச்சம் மூடி டப்பாவில் பரண் மேல். சில வாரத்துக்கு ஒருமுறை மாற்றி இறக்கினால் போதும், பரணிலிருந்து இறங்குகிற கொலு பொம்மை மாதிரி பழையதே புதிதாகிவிடும்.

பரணுக்கும் போக வேண்டாதவை உண்டு. உடைந்து முனை நீட்டியது, பேட்டரி மூடியின் திருகு தொலைந்தது, இவற்றை யாருக்கும் கொடுக்காமல் கழித்துவிடுங்கள், உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துபோகும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் தெருவோரத்தில் வாங்கிய முத்திரை இல்லாத பிளாஸ்டிக்கைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். நல்லதை அங்கன்வாடிக்குக் கொடுக்கலாம், முன்கூட்டிக் கேட்டுவிட்டு. பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து ஒளித்துக் கொடுப்பது மட்டும் கூடாது, அதன் பிறகு அது எதையும் கையை விட்டு விடாது. "எதைப் பாப்பாவுக்குக் குடுப்போம்?" என்று அதனிடமே கேட்டால் நாம் நினைத்ததைவிட அதிகமாகவே எடுத்து வைக்கும்.

இரண்டு வீடுகளுக்கு மட்டும் இந்த ஏற்பாட்டை மாற்றிச் சொல்வேன். மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால், சுமார் 32 மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள் போகிற, அதாவது தொண்டையில் சிக்கக்கூடிய எதுவும், சொப்பில் இருக்கிற சின்னக் கரண்டி, கோலிக்குண்டு உட்பட, திறந்த பெட்டியில் இருக்கக்கூடாது. மூடி டப்பாவில், எட்டாத உயரத்தில்தான். இன்னொன்று தாமிரபரணிக் கரையோரத் தரைத்தளம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பார்த்தோமே. அங்கே அடித்தட்டைக் காலியாக விட்டு, துணி பொம்மையையும் புத்தகத்தையும் ஐப்பசி பிறக்கும் முன்பே மச்சில் ஏற்றிவிடுங்கள், கீழே கழுவித் துடைக்கிற பிளாஸ்டிக் மட்டும் கிடந்தால் போதும்.