அவுட்பாக்ஸ் டேபிளோடு ஐந்து வருஷம்

ஆம்னி பஸ் டிக்கெட் விற்கும் ஒரு சின்ன இணையதளத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பயணிக்கு எல்லாம் எளிது. சீட்டைத் தொட்டு, பணம் கட்டினால் டிக்கெட் வந்துவிடும். உள்ளே அப்படி இல்லை. சீட் பஸ் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது, பணம் பேமெண்ட் கேட்வே வழியாக வருகிறது. புக்கிங்கும் வாலட்டும் எங்களுடைய இரண்டு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்களில் தனித்தனியாக இருந்தன. இத்தனை பேரும் ஒத்துப்போனால்தான் ஒரு டிக்கெட்.

முதலில் எங்கள் இரண்டு டேட்டாபேஸ்களுக்கு நடுவே டூ ஃபேஸ் கமிட் வைத்திருந்தோம். கமிட் என்றால் மாற்றத்தை டேட்டாபேஸில் உறுதியாகப் பதிந்துவிடுவது; இதில் இரண்டு டேட்டாபேஸும் சேர்ந்தே பதிய வேண்டும். கணினி விஞ்ஞானி ஜிம் கிரே 1978-லேயே விவரித்த முறைதான். முதல் சுற்றில் எல்லோரிடமும் ‘தயாரா?’ என்று கேட்க வேண்டும். எல்லோரும் தலையாட்டிய பிறகு, இரண்டாவது சுற்றில் ‘முடித்துக்கொள்’ என்று சொல்ல வேண்டும். நடுவில் கேட்டவனே செத்துப்போனால்? தலையாட்டியவர்கள் அப்படியே காத்துக்கொண்டிருப்பார்கள்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு சாயங்காலம் அதுதான் நடந்தது. எங்கள் ப்ரோகிராம் பாதியில் நின்றது. புக்கிங் எல்லாம் உறைந்துவிட்டது. பதற்றத்தில் டேட்டாபேஸை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தேன். பயனில்லை. ஏனென்றால் போஸ்ட்கிரெஸ் ஒருமுறை ‘தயார்’ என்று சொல்லிவிட்டால் ரீஸ்டார்ட்டுக்கும் அசையாது, பிடித்த லாக்கையும் (வேறு யாரும் மாற்றாமல் போட்ட பூட்டு) விடாது. ‘பிஜி_ப்ரிபேர்ட்_எக்ஸாக்ட்ஸ்’ என்ற பட்டியலைத் திறந்தபோதுதான் மூன்று டிரான்ஸாக்ஷன்கள் அனாதையாகத் தொங்குவது தெரிந்தது. அதில் ஒன்று, எல்லா புக்கிங்கும் தொட்டுவிட்டுப் போக வேண்டிய கம்பெனிக் கணக்கின் டேபிள் வரிசையை (ரோ)ப் பிடித்து வைத்திருந்தது. அந்தப் பக்கத்து டேட்டாபேஸில் கமிட் ஆகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கையால் முடித்துவைத்தேன். இப்படித் ‘தயார்’ சொல்லிவைக்கும் வசதியைப் போஸ்ட்கிரெஸ்காரர்களே இயல்பு நிலையில் பூஜ்யம் என்று அணைத்துத்தான் தருகிறார்கள் என்பதை அன்று ராத்திரிதான் ஆற அமரப் படித்தேன். அதைத் திறந்துவிட்டது நாங்கள்.

அப்புறம் வந்ததுதான் அவுட்பாக்ஸ். புக்கிங்கைப் பதியும் அதே கமிட்டுக்குள், ‘இந்தச் சீட்டை உறுதிசெய்’, ‘எஸ்எம்எஸ் அனுப்பு’ என்று செய்ய வேண்டிய வேலைகளையும் இன்னொரு டேபிளில் எழுதிவிடுகிறோம். இரண்டும் சேர்ந்தே விழும், இல்லையென்றால் இரண்டுமே விழாது. பின்னால் ஓடும் வொர்க்கர்கள் என்ற சின்னச் சின்ன ப்ரோகிராம்கள் அந்த டேபிளைப் படித்து வேலையை முடிக்கும். பயணியின் திரையில் ஏழெட்டு விநாடி சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் காணாமல் போனது. எந்த சர்வரையும் பெரிதாக்கவில்லை. பயணியைக் காக்கவைத்துக்கொண்டு செய்த வேலைகளைக் குறைத்தோம், அவ்வளவுதான்.

சீட் கிடைக்காமல் போனால் பணத்தை வாலட்டில் திருப்பிப் போடுவதும் ஒரு அவுட்பாக்ஸ் வேலைதான். நடந்ததை அழிக்காமல், அதற்கு எதிரான இன்னொரு வேலையைச் செய்து நேராக்குவது. ஆராய்ச்சியாளர்கள் ஹெக்டர் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் 1987-இல் ‘சாகா’ என்று பெயர் வைத்தது இதற்குத்தான். இதில் எனக்கு ஒரு அடி விழுந்தது. வொர்க்கர் வாலட்டில் பணத்தைப் போட்டுவிட்டு, ‘முடிந்தது’ என்று குறிப்பதற்குள் செத்துப்போனது. மறுபடி எழுந்து அதே வேலையை மறுபடி செய்தது. மறுநாள் ஒருவர் போன் செய்தார்: “சார், என் பணம் ரெண்டு தடவை வந்திருக்கு, ஒண்ண எப்படித் திருப்பி அனுப்பறது?” அவர் சொன்னார். சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்று தேடிப்பார்க்க ஒரு வாரம் ஆனது.

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண். வாலட் பதிவுகளில் அதே எண் இரண்டாம் முறை விழாமல் தடுக்க யூனிக் இண்டெக்ஸ். பதிவு புதிதாக விழுந்தால்தான் இருப்பு கூடும், ஏற்கெனவே இருந்தால் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். இதற்குத் தேவையான ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’, ஒரே வேலையை இரண்டு வொர்க்கர் எடுக்காமல் தடுக்கும் ‘ஸ்கிப் லாக்ட்’ இரண்டுமே 2016 ஜனவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பிலேயே இருக்கின்றன. வெளியாரிடம் இந்த வசதி எப்போதும் கிடைக்காது. ஒரு பஸ் கம்பெனியின் சர்வர் நம் எண்ணைக் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே டைம்அவுட் ஆனால், முதலில் நிலவரம் கேட்டுவிட்டுத்தான் மறுபடி அனுப்புகிறோம். டைம்அவுட் என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. பதில் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

குறைகளும் இருக்கின்றன. வேலை முடிந்த வரிசைகளை அழித்துக்கொண்டே இருந்ததில், அழித்த இடம் உடனே காலியாகாமல் டேபிள் ஊதிப்போனது. இப்போது டேபிளில் நாளுக்கு ஒரு பார்ட்டிஷன் (தனித் துண்டு), பழையதை மொத்தமாகத் தூக்கிவிடுகிறோம். பஸ் கம்பெனி சர்வர் விழுந்து எழும்போது எங்கள் வொர்க்கர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ரீட்ரை செய்து அதை மறுபடி படுக்கவைத்த கதையும் உண்டு. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டித்து, கொஞ்சம் தாறுமாறான நேரத்தையும் சேர்த்தோம். வொர்க்கர் தாமதித்தால் சீட்டின் தற்காலிக பிளாக் காலாவதியாகி வேறொருவருக்குப் போய்விடும். இதற்கு இன்றுவரை முழுத் தீர்வு இல்லை. சீட் உறுதிசெய்யும் வேலைகளுக்கு மட்டும் தனி வொர்க்கர் வைத்து சமாளிக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், தளம் வேகமானதும் போன்கள் கூடின. ‘பெண்டிங்’ என்ற சொல்லைப் பார்த்தாலே ஜனங்களுக்குப் பயம். யூபிஐயில் பணம் போய் வணிகருக்கு உறுதி வராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இலேயே விதி போட்டிருக்கிறது. அது யாருக்குத் தெரியும்? ‘பெண்டிங்’கை எடுத்துவிட்டு, ‘பணம் வந்துவிட்டது, இரண்டு நிமிடத்தில் டிக்கெட் வரும், இல்லாவிட்டால் பணம் உங்கள் வாலட்டுக்கு வந்துவிடும்’ என்று எழுதினோம். போன்கள் குறைந்தன.

போன வருஷம் வாலட்டையும் புக்கிங்கையும் ஒரே டேட்டாபேஸுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இரண்டாகப் பிரித்ததற்கு உருப்படியான காரணம் எதுவும் பழைய குறிப்புகளில் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவே ஓடிய அவுட்பாக்ஸ் வேலைகள் எல்லாம் சாதாரண ஒரு கமிட்டாகச் சுருங்கின. கேட்வே, பஸ் கம்பெனி, எஸ்எம்எஸ் இந்த மூன்றுக்கு மட்டும் அவுட்பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.