ஃபெடோராவின் ஓட்டும் டெபியனின் காத்திருப்பும்: அப்டேட்டை எதை நம்பி வெளியிடுவது?

மென்பொருளின் புது வெர்ஷன் தயார். சோதிப்பவர்கள் "சரி" சொல்லும்வரை நிறுத்தி வைத்தால் அவசரமான பாதுகாப்புத் திருத்தம்கூடக் கிடப்பில் கிடக்கும். சோதிக்காமல் அனுப்பினால் மறுநாள் காலையில் யாருடைய கணினி பூட் ஆகும், யாருடையது ஆகாது என்று சொல்ல முடியாது. இந்தச் சிக்கலுக்கு லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான ஃபெடோரா ஒரு வழி வைத்திருக்கிறது. இன்னொரு லினக்ஸான டெபியன் கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. மூன்றாவது லினக்ஸான உபுண்டுவின் வழி வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

ஃபெடோராவில் எந்த அப்டேட்டும் முதலில் சோதனைக் களஞ்சியத்துக்குப் போகும். போதி என்ற தளத்தில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தனிப் பக்கம் உண்டு. நிறுவிப் பார்த்தவர்கள் அங்கே பிளஸ் ஒன்றோ மைனஸ் ஒன்றோ போடுவார்கள். அந்த ஓட்டுகளின் கூட்டல்தான் கர்மா. வழக்கமாக பிளஸ் 3 சேர்ந்தால் அப்டேட் தானாகவே எல்லோருக்கும் போய்விடும். மைனஸ் 3 ஆனால் திரும்பப் பெறப்படும். அப்டேட்டைத் தயாரித்து அனுப்பிய பராமரிப்பாளரின் சொந்த ஓட்டு கணக்கில் வராது. யாருமே ஓட்டுப் போடவில்லை என்றால் சாதாரணப் பேக்கேஜ் (நிறுவுவதற்குத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதி) 7 நாளும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் போல அது இல்லாமல் கணினியே ஓடாத பேக்கேஜ்கள் 14 நாளும் காத்திருந்துவிட்டு வெளியேறலாம்.

இந்தக் கட்டுப்பாடுகள் சும்மா வரவில்லை. 2008 டிசம்பரில் ஃபெடோரா 10-க்கு வந்த டி-பஸ் (நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடு) அப்டேட் ஒன்று, பேக்கேஜ்கிட்டை முடக்கியது. திரையில் பட்டனைத் தட்டி அப்டேட் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பேக்கேஜ்கிட்தான் வாசல். அதனால் திருத்தம் தயாரான பிறகும் அவர்களால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. டெர்மினலில் யம் கட்டளை தெரிந்தவர்கள் தப்பித்தார்கள். விதிகளை 2010-இல் இறுக்கியபோது, வேகம் போகிறதே என்று பராமரிப்பாளர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். எனக்கு அந்த எதிர்ப்பு புரிகிறது. ஆனாலும் இறுக்கியது சரிதான்.

குறை எங்கே என்றால், ஓட்டின் தரத்தில். கெர்னலுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் ஆள் பஞ்சமே இல்லை. ஓட்டுகள் மளமளவென்று விழும். யாரும் கண்டுகொள்ளாத ஒரு லைப்ரரிக்கு (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் துணை நிரல்தொகுப்பு) ஏழு நாளும் ஓர் ஓட்டுகூட விழாது. எட்டாம் நாள் அது வெளியே போகும். அதைச் சோதிக்கப்பட்ட அப்டேட் என்று எப்படிச் சொல்வது? விழுகிற ஓட்டுகளிலும் பல "பிரச்சினை எதுவும் தெரியவில்லை" என்ற ஒற்றை வரியோடு நிற்கின்றன. அந்த லைப்ரரி வேறொரு பேக்கேஜோடு ஒட்டிக்கொண்டு கணினிக்குள் வந்திருக்கும். ஓட்டுப் போட்டவர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். "புளூடூத் ஹெட்செட், சஸ்பெண்ட், இரண்டாவது மானிட்டர் மூன்றையும் பார்த்தேன், பழைய வெர்ஷனில் இருந்த திணறல் போய்விட்டது" என்று எழுதுகிறவரின் ஓட்டுக்கும் இதற்கும் ஒரே மதிப்புத்தான்.

டெபியனில் ஓட்டே கிடையாது. புதியவை முதலில் வந்து சேரும் அன்ஸ்டேபிள் கிளையில் ஏற்றிய பேக்கேஜ் அங்கேயே சில நாள் இருக்கும். பராமரிப்பாளர் குறிக்கும் அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாள். அதற்குள் தீவிரமான பக் எதையும் யாரும் பதிவு செய்யவில்லை, தானியங்கிச் சோதனைகளில் எதுவும் புதிதாக உடையவில்லை, பேக்கேஜ்கள் ஒன்றையொன்று நம்பியிருக்கும் சார்புகளும் குலையவில்லை என்றால், பிரிட்னி என்ற நிரல் அதை, அடுத்த பதிப்பு தயாராகும் டெஸ்டிங் கிளைக்கு நகர்த்திவிடும். மௌனம் சம்மதம் என்ற கணக்குத்தான். ஆனால் ஒரே ஒருவர் காரணத்தோடு தீவிரமான பக் எழுதினால் போதும், நகர்வு நின்றுவிடும். ஃபெடோராவில் ஒரு மைனஸ் விழுந்தால் தானாக வெளியேறுவது மட்டுமே நிற்கும். பராமரிப்பாளர் பிறகு கையால் தள்ளிவிட இடமுண்டு. என் பார்வையில் டெபியன் தெளிவாக ஜெயிப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். அப்புறம், அதன் ஸ்டேபிள் கிளைக்கான (வெளியாகிவிட்ட பதிப்பு) பாதுகாப்புத் திருத்தங்கள் இந்த வரிசையில் நிற்பதே இல்லை. 2014 ஏப்ரல் 7-இல் ஹார்ட்பிளீட் என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது டெபியன் பாதுகாப்புக் குழுவின் திருத்தம் அன்றைக்கே வந்தது. டெஸ்டிங் கிளையை ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பெரும்பாலும் அன்ஸ்டேபிளிலிருந்து இறங்கி வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் உரசிப் பார்த்தது, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரலின் விவகாரம். 2024 பிப்ரவரி 24-இல் வந்த எக்ஸ்இசட் 5.6.0-இல் வேண்டுமென்றே, வெளியாள் ரகசியமாக நுழைய ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது. டெபியனின் அன்ஸ்டேபிளுக்குள்ளும் டெஸ்டிங்குக்குள்ளும் அது நுழைந்தது; ஃபெடோரா 40 பீட்டாவிலும் 5.6.0 இருந்தது. ஓட்டும் பிடிக்கவில்லை, தானியங்கிச் சோதனையும் பிடிக்கவில்லை. டெபியன் அன்ஸ்டேபிளில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்த ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். எஸ்எஸ்எச் சர்வர் சிபியுவை அளவுக்கு மீறித் தின்பதும் கண்ணில் பட்டது. தோண்டிப் பார்த்து மார்ச் 29-இல் உலகுக்குச் சொன்னார். டெபியன் ஸ்டேபிளுக்குள் அது வந்திருக்கவில்லை. ஆக, மெதுவாகப் போனது காப்பாற்றியது உண்மை. ஆனால் அந்த ஐந்து வாரத்தில் அன்ஸ்டேபிளைக் கூர்ந்து பார்க்க ஒருவர் இருந்ததால்தான் அந்த மெதுவுக்குப் பலன் கிடைத்தது. யாரும் பார்க்காமல் நாட்கள் மட்டும் ஓடியிருந்தால் பின்வாசலும் கூடவே நகர்ந்திருக்கும். அம்பலமாவதற்குச் சில நாள் முன்புகூட, டெபியன் சீக்கிரம், அதே பின்வாசல் இருந்த அடுத்த வெர்ஷனான 5.6.1-க்குப் போகவேண்டும் என்று புனைபெயர் என்று கருதப்படும் ஒரு பெயரில் கோரிக்கை வந்தது. "ஏன் இன்னும் அப்டேட் செய்யவில்லை" என்று பராமரிப்பாளரை நெருக்குகிறவர்களை அதற்குப் பிறகு என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளியாக இருந்த அன்று, அதிலிருந்த 6.1.64 கெர்னல் வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் இஎக்ஸ்டி4 கோப்புமுறையில் தரவைக் கெடுக்கக்கூடும் என்று தெரிந்தது. ஒரு பேட்ச் (நிரலில் செய்யும் சிறு திருத்தம்), அது நம்பியிருந்த இன்னொரு பேட்ச் இல்லாமல் பழைய கெர்னலுக்கு வந்துவிட்டதுதான் காரணம். யாரும் அப்டேட் செய்யவேண்டாம் என்று அறிவித்து, மறுநாளே 6.1.66 கெர்னலோடு 12.4-ஐக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு நிதானமான ஸ்டேபிள் கிளையிலும் இது நடந்தது.

உபுண்டுவின் வழி இங்கேதான் உதவும். வெளியான பதிப்புக்கு வரும் திருத்தம் குறைந்தது 7 நாள் ப்ரொப்போஸ்ட் என்ற சோதனைக் களஞ்சியத்தில் இருக்கும். குறிப்பிட்ட அந்த பக் உண்மையிலேயே சரியாகிவிட்டதா என்று ஒருவர் சோதித்து எழுதவும் வேண்டும். அதன் பிறகும் ஒரே நாளில் எல்லோருக்கும் போகாது. முதலில் ஒரு சிறு சதவீதம் பேருக்குப் போய், படிப்படியாகக் கூடும். கிராஷ் ரிப்போர்ட்டுகள் ஏறினால் நிறுத்திவிடுவார்கள். பாதுகாப்புத் திருத்தங்களுக்கு இந்தப் படிகள் இல்லை. டெபியன் ஸ்டேபிளுக்கும் ஃபெடோராவுக்கும் இப்படிப் படிப்படியாக அனுப்பும் ஏற்பாடு வரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சர்வருக்கு எது என்று கேட்டால், யோசிக்காமல் டெபியன் ஸ்டேபிள் என்பேன். தினசரி வேலைக்கான லேப்டாப்புக்கு ஃபெடோரா. அதில் ஒரு மாற்றத்தை மட்டும் கேட்பேன்: எதைச் சோதித்தோம் என்று எழுதாத ஓட்டைக் கர்மாவில் சேர்க்கக் கூடாது, ஓட்டே விழாமல் நாள் தீர்ந்து வெளியேறும் அப்டேட்டில் "யாரும் சோதிக்கவில்லை" என்ற குறிப்பு இருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால், அன்றே நிறுவுவதா, ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பதா என்று பயனரே முடிவு செய்துகொள்வார்.