வாழையடிக்கு விடுவதா, சல்லிப் பாத்தி கட்டுவதா?

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் வீட்டைத் திருத்தியபோது குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற, குசினிக் கழிவுத் தண்ணிக்கு மூன்று வழி பார்த்தோம்: பழையபடி வாழையடிக்கு விடுவது, கல்வாழை நட்ட சல்லிப் பாத்தி, காற்றூதும் மோட்டர் வைத்த தொட்டி. கட்டினது சல்லிப் பாத்தி. அதனால் என் கதை அந்தப் பக்கம்தான் சாயும்.

மோட்டர்த் தொட்டி விலை கேட்டதோடு நின்றது, பாவித்த அனுபவம் இல்லை. ஊத்தையைத் தின்கிற கிருமிகளுக்கு அதில் ஓயாமல் காற்று வேணும். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் கரண்ட் நின்றதை மறக்கவில்லை.

வாழையடிக்குச் செலவே இல்லை. துலாவால் அள்ளிக் குளித்த காலத்துக்கு அது சரி. இப்போது கிணற்று மோட்டரைப் போட்டால் நாலு பேருக்கு நாளுக்கு 300 லீற்றர் போகிறது, எங்களுக்கோ இரண்டு பரப்புச் சின்னக் காணி. செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல். ஓரிடத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தால் எங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வளவுக் கிணற்றுக்கோதான் போகும்.

பாத்தி 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம். அடியில் தடித்த பொலித்தீன், மேலே முக்கால் அங்குலச் சல்லி. தண்ணி அரை மீற்றர் ஆழத்துக்கு நிற்கும். சல்லியின் இடைவெளி 40 வீதம் என்று வைத்தால் 600 லீற்றர், அதாவது இரண்டு நாள் தங்கிப் போகும். தண்ணிமட்டம் சல்லியின் மேல்மட்டத்துக்கு நாலு விரல் கீழே இருப்பதால் நுளம்பு முட்டையிட வழியில்லை. வெளியே வருவது வாழைக்கும் செவ்வரத்தைக்கும் போகிறது. கீரைப்பாத்திக்கு விடுவதில்லை.

ஆனால் பாத்தி நிலைப்பதும் நாறுவதும் கொழுப்புத் தொட்டியின் கையில். குசினித் தண்ணி முதலில் அதில் தங்கி, எண்ணெய் மேலே மிதக்க, கீழ்த்தண்ணிதான் சல்லிக்குப் போகவேணும். மேசன் அண்ணை அழகாகக் கட்டி, கொங்கிரீற் மூடியும் போட்டார். தூக்க இரண்டு ஆள் வேணும். அந்த மூடியை ஆறு மாதம் ஒருவரும் திறக்கவில்லை. கொழுப்பு பாத்திக்குள் போய், தண்ணி விழுகிற பக்கத்துச் சல்லி கறுத்து வழுவழுத்துவிட்டது. ஒரு மீற்றர் தூரம் கிண்டி, வாளி வாளியாகக் கழுவினேன். மூன்று நாள் வேலை.

இப்போது கைபிடி வைத்த தகர மூடி. சனிக்கிழமை காலையில் அம்மா ஒரு கையால் தூக்கி, தேங்காய்ப்பூத் துகள் ஒட்டின வெள்ளை ஆடையைச் சிரட்டையால் வழித்து எருக்குழியில் போடுவா. பத்து நிமிசம் ஆகாது. எந்த முறைக்கும் நான் முதலில் கேட்பது இதுதான்: மூடியை யார் திறப்பது, அவரால் தூக்க முடியுமா?

எங்கள் பாத்திக்கு இது மூன்றாம் வருசம். பத்து வருசக் கணக்கு என்னிடம் கேட்காதேங்கோ. நாலைந்து பரப்பு வளவு, கிணறு எட்டத்தில் என்றால் வாழையடியே போதும், ஆனால் மரத்துக்கு மரம் குழாயை மாற்றி விடவேணும். வருசத்தில் பாதி கனடாவில் நிற்கிறவர்களும் பாத்தி கட்டவேண்டாம். வீடு பூட்டிக் கிடந்தால் பாத்திக்குத் தண்ணி இல்லை, ஆடி வெயிலில் கல்வாழை கருகிப்போம்.