பழைய ஹைலக்ஸின் பின் ஆக்சில்: சுற்றை எண்ணாமல் பாகம் வாங்காதீர்கள்

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று) இன்னும் எத்தனை வருடம் என்று பார்ப்பார்கள். பின் ஆக்சிலுக்குள் எந்த விகிதம் இருக்கிறது, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற அதை இயக்கும் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சிங்கப்பூரில் சரக்கு வண்டிக்கு ஆயுள் அதிகபட்சம் 20 வருடம். அதற்குள் வண்டி பல கை மாறிவிடும். நடுவில் யாராவது டிஃபரன்ஷியலை (ஷாஃப்ட்டின் சுழற்சியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) மாற்றியிருந்தால், அந்தச் சேதி அடுத்தவருக்குப் போய்ச் சேராது.

என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ், டீசல், மேனுவல், பின் சக்கர இயக்கம் மட்டும். தோட்டப் பராமரிப்பு வேலைக்கு ஓடுகிறது. லிம் சூ காங்கில் மண் மூட்டையும் தொட்டிச் செடியும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், சின்ன மேம்பாலத்துக்குக்கூட மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. கிளட்ச், டர்போ, இஞ்செக்டர் எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லை. கடைசியில் சந்தேகம் ஆக்சில் பக்கம் திரும்பியது.

வண்டியின் அடையாளத் தகட்டில் கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் சேர்த்து ஒரு குறியீட்டு வரி இருக்கும். ஆக்சில் குறியீட்டின் முதல் எழுத்து கிரவுன் வீல் எனும் பெரிய பல்சக்கரத்தின் அளவு, அடுத்த இரண்டு எண்கள் விகிதம். என் தகட்டின்படி 3.909, அதாவது கிரவுனில் 43 பல், அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 11. ஆனால் தகடு சொல்வது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் கதை.

இன்றைய கதையைத் தெரிந்துகொள்ள எதையும் கழற்ற வேண்டாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை 20 முறை சுற்றினால் போதும். மற்ற சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் சுற்றைப் பாதியாக்கும், ஆகவே கணக்குக்கு அது 10 சுற்று. ஷாஃப்ட் 39 முறை சுற்றினால் 3.909, 41 முறை என்றால் 4.10. ஒரே சுற்றில் பார்த்தால் இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, அதனால்தான் இத்தனை சுற்று. இரண்டு சக்கரங்களும் தனித்தனி வேகத்தில் சுற்றுவதைத் தடுக்கும் லாக்கரோ எல்எஸ்டியோ உள்ள ஆக்சிலுக்கு இந்த வழி சரிவராது.

என் வண்டியில் ஷாஃப்ட் 36 சுற்றை முழுசாக எட்டவில்லை. அப்படியென்றால் 3.583. யாரோ 43க்கு 12 பல் உள்ளதைப் போட்டிருக்கிறார்கள். விகித எண் குறைந்தால் இழுவையும் குறையும்; நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட ஏற்ற விகிதம் அது. 70க்கு மேல் போக அனுமதியில்லாத சரக்கு வண்டிக்கு அதனால் என்ன லாபம்?

என்னை உண்மையில் பயமுறுத்தியது ஸ்பீடோமீட்டர். என் வண்டியில் அது கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கிறது, கணக்கு 3.909க்கு. உள்ளே 3.583 இருந்ததால், வண்டி நிஜமாக 70இல் ஓடும்போது முள் 64இல் நின்றது. சக்கரத்து சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் வண்டிகளில் இந்தச் சிக்கல் வராது.

4.10 தேர்ந்தெடுத்தேன். 4.556 போட்டால் இழுவை இன்னும் கூடும், ஆனால் பிஐஇ விரைவுச்சாலையில் எஞ்சின் ஓயாமல் கத்தும், ஸ்பீடோவும் 17 சதவீதம் விலகும். கிரவுனையும் பினியனையும் தனியாக வாங்காமல், ஹாஃப்கட்டிலிருந்து (பாகங்களுக்காக வெட்டி விற்கப்படும் பழைய வண்டி) முழு டிஃபரன்ஷியலாகவே எடுத்தேன். என் ஹைலக்ஸில் ஆக்சில் ஷாஃப்ட்களை வெளியே இழுத்தால் அது முன்பக்கமாக அப்படியே கழன்று வரும். தொழிற்சாலை அமைப்பு கலையாமல் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் வாங்கும் முன் உள் அளவு பொருந்துமா, எண்ணெயில் இரும்புத் துகள் இருக்கிறதா, பல்லில் உதிர்வு உண்டா என்று கட்டாயம் பாருங்கள்.

காக்கி புக்கிட்டில் வேலை பார்த்த மெக்கானிக் அண்ணன், மூடுவதற்கு முன் கிரவுன் பற்களில் சாயம் தடவிச் சுற்றிக் காட்டினார். "இங்க பாருங்க தம்பி, தடம் பல்லு நடுவுல விழுது. ஓரத்துக்குப் போச்சுன்னா அப்புறம் உங்க காதுலதான் கேக்கும்." டயல் கேஜில் பல் இடைவெளி 0.13க்கும் 0.18 மில்லிமீட்டருக்கும் நடுவில் நின்றது. இதைக் காட்டத் தயங்கும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. மேம்பாலங்களில் நான்காவது கியரே போதும், ஊளைச் சத்தம் இல்லை. முள் இப்போது 70க்கு 73 காட்டுகிறது, எனக்கு அது சம்மதம். ஓடோமீட்டரும் அதே அளவு கூட்டிச் சொல்வதால், காட்டும் 1,000 கிலோமீட்டர் உண்மையில் 953தான். அதைக் கழித்துப் பார்த்தால் டீசல் செலவு சுமையோடு ஓடும்போது கொஞ்சம் குறைவு, காலியாக ஓடும்போது கொஞ்சம் கூடுதல். டிஃபரன்ஷியலுக்குள் ஊற்றும் ஜிஎல்-5 எண்ணெயை ஆரம்ப ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை மாற்றினேன். எண்ணெய் கசியாமல் தடுக்கும் பினியன் சீலில் மட்டும் இப்போது லேசான ஈரம் தெரிகிறது, அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் மாற்றிவிடுவேன்.

விகிதத்தை மாற்ற நினைப்பவர்கள் முதலில் எல்டிஏவிடம் (நிலப் போக்குவரத்து ஆணையம்) கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் முன் ஆக்சிலையும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும், செலவும் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.